இடமாற்றம் நீதியாகாது!

(திருகோணமலை நகரில் பெற்றோரும் ஆசிரியரும் இளைஞரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்மண்டபத்துக்கு வரும் வழியில் நண்பர் ஒருவர் நம்மை மறித்து, "இதைப் பற்றியா பொதுமேடையில் பேசப் போகிறீர்கள்?" என்று கேட்டார். மொழியுரிமை பற்றிப் பேசலாம். காணி பறிபோவது பற்றிப் பேசலாம். வேலையில்லாத் திண்டாட்டம் பற்றியும் பேசலாம். ஆனால் சிறுவர்க்கு இழைக்கப்படும் கொடுமையைப் பற்றி, அதுவும் அவர்களைக் காக்க வேண்டியவர்களே இழைக்கும் கொடுமையைப் பற்றி, தாய்மார் அமர்ந்திருக்கும் அவையில் பேசுவது முறையா என்பது அவர் தயக்கம். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஆயினும் அந்தத் தயக்கமே குற்றவாளியின் கோட்டை என்பதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறோம்.

அரசியல் என்பது யாது? அதிகாரம் எவர் கையில் இருக்கிறது? அதை அவர் எவ்வாறு பயன்படுத்துகிறார்? தவறாகப் பயன்படுத்தினால் அவரைக் கேட்பார் யார்? இம்மூன்று கேள்விகளும்தாம் அரசியல். எட்டு வயதுக் குழந்தையின் முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு, குருவுக்கு, காவலருக்கு, மந்திரிக்கு இருப்பதிலும் பெரிய அதிகாரம் இருக்கிறது. மந்திரியைப் பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். குழந்தைக்கு வாக்கு இல்லை, சங்கம் இல்லை, பத்திரிகை இல்லை. நம்பிக்கை ஒன்றுதான் அதன் சொத்து. அந்த நம்பிக்கையையே கருவியாக்கி அதை அழிப்பவனைப் பற்றிப் பேசாத அரசியல் என்ன அரசியல்?

தாயின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். கொட்டியாரக் குடாவின் அக்கரையிலிருந்து பஸ் ஏறி வந்தவர். பத்து வயது மகளுக்கு ஆசிரியர் ஒருவர் இழைத்த தீங்கை அவர் அறிந்தது, பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்து மூன்று நாள் அழுத பின்னர்தான். அதிபரிடம் போனார். "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், உங்கள் பிள்ளையின் எதிர்காலத்தையும் எண்ணிப் பாருங்கள்" என்றார் அதிபர். மேலதிகாரிகளிடம் போனார். எழுத்தில் தரும்படி கேட்டனர், தந்தார். அந்தக் கடிதம் மேசை விட்டு மேசை சென்றது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் வீடு தேடி வந்து சமாதானம் பேசினர். ஈற்றில் முடிவொன்று வந்தது: ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டார். அதிபர் பெருமூச்சு விட்டார். அலுவலகம் கோப்பை மூடியது. ஊர் தன் வேலையைப் பார்க்கப் போயிற்று.

அந்தத் தாய்க்கு மட்டும் தூக்கம் வரவில்லை. நம் முன்னால் நின்று அவர் கேட்டார்: "எங்கட பிள்ளை தப்பிட்டுது எண்டு சொல்றாங்கள். அங்க இருக்கிறதுகள் ஆர்ட பிள்ளையள், ஐயா?"

தோழர்களே, எத்தனையோ மேடைகளில் எத்தனையோ கேள்விகளுக்கு நாம் விடை சொல்லியிருக்கிறோம். அன்று நமக்கு விடை வரவில்லை. அந்தப் பள்ளியின் பெயரை நாம் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் அக்குழந்தை யாரென்று ஊர் கண்டுகொள்ளும். அன்றியும், ஒரு பள்ளியின் பெயரைச் சொன்னால் மற்றப் பள்ளிகளெல்லாம் தமக்கு இதில் சம்பந்தமில்லை என்று தப்பிக்கொள்ளும். நாம் குற்றம் சாட்டுவது ஒரு பள்ளியை அன்று, ஒரு வழக்கத்தை. அந்த வழக்கத்தின் பெயர் இடமாற்றம்.

நெருப்புப் பிடித்த பாயைப் பக்கத்து வீட்டு முற்றத்தில் எறிந்துவிட்டு, நம் வீட்டில் தீ அணைந்தது என்று மகிழ்வாருண்டோ? உண்டு. அவ்வாறு செய்பவர்களைத்தாம் நாம் நிர்வாகம் என்று அழைக்கிறோம்! பஸ் குறைந்த ஊருக்கு, பெற்றோர் விண்ணப்பம் எழுதத் தெரியாத ஊருக்கு, ஆசிரியர் வந்தாலே போதும் என்று ஏங்கிக் கிடக்கும் ஊருக்கு மாற்றி அனுப்புகிறார்கள். நகரத்துப் பிள்ளைக்கு ஆகாதவன் கிராமத்துப் பிள்ளைக்கு ஆவானா?

ஹெயிட்டியில் நடந்தது

இந்நோய் நம் மாவட்டத்தில் மட்டும் உள்ளது அன்று. நம் நாட்டின் பெயரால், நம் நாட்டின் கொடியை அணிந்தோரால், உலகின் மறுகோடியில் நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

கரீபியன் கடலில் ஹெயிட்டி என்றொரு வறிய நாடு. 2004ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை அங்கே அமைதிகாக்கும் படையை அனுப்பியது. இலங்கைப் படையினரும் நீலத் தொப்பி அணிந்து சென்றனர். பசியால் வாடிய பிள்ளைகள் அவர்களை நாடி வந்தனர். அப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன? 2004 முதல் 2007 வரையான காலத்தில், உணவுக்கும் பிஸ்கட்டுக்கும் சில்லறைக் காசுக்குமாகத் தாம் சீரழிக்கப்பட்டதை ஒன்பது பிள்ளைகள் ஐ.நா. விசாரணையாளரிடம் கூறினர். இலங்கைப் படையினர் 134 பேர் இதில் சம்பந்தப்பட்டிருந்தனர் என்று ஐ.நா.வின் உள்ளக அறிக்கை பதிவு செய்தது. அவர்களில் 114 பேர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

திருப்பி அனுப்பப்பட்டனர்! சொல்லைக் கவனியுங்கள். ஹெயிட்டியிலிருந்து இலங்கைக்கு ஓர் இடமாற்றம். சிறை சென்றவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை என்று 2017ஆம் ஆண்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஆராய்ந்து வெளியிட்டது. படையினரைத் தண்டிக்கும் அதிகாரம் ஐ.நா.வுக்கு இல்லை, அது படையனுப்பிய நாட்டுக்கே உரியது. படையனுப்பிய நாடோ தன் படையைத் தானே விசாரித்துக்கொண்டது. வேலியே பயிரை மேய்ந்தது. மேய்ந்ததா இல்லையா என்று விசாரிக்கும் பொறுப்பும் வேலியிடமே விடப்பட்டது.

இதைச் சிங்கள மக்கள்மீது பழி சுமத்தும் பொருட்டு நாம் சொல்லவில்லை. அப்பிள்ளைகளுக்காக வெட்கப்பட்ட சிங்களத் தாய்மார் பலர் உண்டு. நாம் சொல்வது இதுதான்: எந்த நிறுவனமும் தன்னைத் தானே விசாரித்தால் தன் பெயரைத்தான் காப்பாற்றும், பிள்ளையைக் காப்பாற்றாது.

அங்கியும் ஆசிரமமும்

அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்தில் ஜோன் கேகன் என்றொரு பாதிரியார் இருந்தார். அவர்மீது முறைப்பாடு வரும்போதெல்லாம் அவரை ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றினார்கள். முப்பது ஆண்டுகள்! 130 பேருக்கு மேற்பட்டோர் அவரால் கெடுக்கப்பட்டதாக முன்வந்தனர். 2002ஆம் ஆண்டு ஜனவரியில் பொஸ்டன் குளோப் பத்திரிகை இதை வெளிக்கொணர்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரின் கர்தினால் பதவி விலகினார். அயர்லாந்தில் 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஆணைக்குழு அறிக்கையும், குற்றம் புரிந்தோர் தண்டிக்கப்படாமல் வேறிடங்களுக்கு மாற்றப்பட்ட அதே கதையைத்தான் பக்கம் பக்கமாகச் சொல்கிறது.

இதைக் கேட்டுச் சைவ அன்பர்கள், "இது வேற்றுச் சமயத்தார் குறை" என்று ஆறுதல் அடைய வேண்டாம். அவுஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை அரச ஆணைக்குழு ஒன்று இவ்விடயத்தை ஆராய்ந்தது. தேவாலயங்களை மட்டுமன்றிப் பள்ளிகளையும் அநாதை இல்லங்களையும் விளையாட்டுக் கழகங்களையும் விசாரித்தது. காவி உடுத்த சத்தியானந்த யோக ஆசிரமமும் அவ்விசாரணையில் நின்றது. அங்கிக்கும் காவிக்கும் காக்கிக்கும் வெண்கட்டி பிடித்த கைக்கும் இதில் வேறுபாடில்லை. கேள்வி கேட்கப்படாத அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே இது நடக்கும்.

அந்த ஆணைக்குழு 8,000க்கு மேற்பட்டோரைத் தனித்தனியே அழைத்துக் கேட்டது. சிறுவயதில் தமக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக எத்தனை ஆண்டுகள் பிடித்தன தெரியுமா? ஏறத்தாழ 24 ஆண்டுகள். ஒரு தலைமுறை! இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரு மனிதன் இதைச் சுமந்து திரிகிறான். ஆகவே, "அப்படியானால் அன்றே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பவர்களே, அன்று கேட்பதற்கு யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

ஏன் ஊர் வாய் திறப்பதில்லை?

நம் மாவட்டத்து மக்கள் முறைப்பாடு செய்ய அஞ்சுகிறார்கள் என்று உத்தியோகத்தர்கள் குறைப்படுகிறார்கள். ஏன் அஞ்சுகிறார்கள்?

1996ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் நாள், கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் இருபதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். இளம் பெண்பிள்ளை ஒருத்தி மானபங்கப்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். வழக்கு இருபது ஆண்டுகள் நடந்தது. 2016ஆம் ஆண்டு ஜூலையில், குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரையும் அனுராதபுர மேல் நீதிமன்றம் விடுவித்தது.

2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், இந்நகரின் கடற்கரையில் காந்தி சிலைக்கு அண்மையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டே வெடித்தது என்று முதலில் சொல்லப்பட்டது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் படமெடுத்து உலகுக்குக் காட்டியவர் பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அம்மாதம் 24ஆம் நாளே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் பிடிக்கப்பட்ட 13 பேரும், போதிய சாட்சியம் இல்லை என்று 2019ஆம் ஆண்டு ஜூலையில் விடுவிக்கப்பட்டனர்.

இவ்விரண்டும் நாம் இன்று பேச வந்த குற்றத்தின் வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதை அறிவோம். ஆனால் இவை நம் மக்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துவிட்டன: பேசியவன் இழப்பான், செய்தவன் நிலைப்பான். அப்பாடத்தைக் கற்ற ஊரில், மகளுக்கு நேர்ந்ததைச் சொல்லப் பொலீஸ் நிலையப் படியேற எந்தத் தாய்க்குக் கால் வரும்? பெரிய அநீதிக்குக் கற்ற மௌனம், சின்னஞ்சிறு வீட்டுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் கோயில் வீதிக்குள்ளும் புகுந்துவிட்டது.

நம் முதுகையும் பார்ப்போம்

இதுவரை கைதட்டினீர்கள். இனிச் சொல்லப் போவதற்குக் கைதட்ட மாட்டீர்கள். ஆயினும் சொல்ல வேண்டும்.

2004ஆம் ஆண்டு ஏப்ரலில், இம்மாவட்டத்தின் தென்னெல்லையில் வெருகல் ஆற்றங்கரையில், விடுதலைப் புலிகள் இயக்கம் இரண்டாகப் பிளந்து மோதியது. துப்பாக்கி ஏந்தி நின்றவர்களுள் 18 வயது நிரம்பாதவர்கள் இருந்தார்கள். கருணா அணி கலைந்தபோது அப்பிள்ளைகள் வீடு திரும்பினர். தாய்மார் கட்டியணைத்து அழுதனர். சில கிழமைகளுக்குள் இயக்கத்தவர் வந்து அவர்களுள் பலரை மீண்டும் கேட்டார்கள். அதன் பின்னர், 2006இல், அரச படையினரின் கண்ணெதிரே கருணா அணி பிள்ளைகளைக் கொண்டுசென்றது. அன்று மக்களின் காவலர் என்று நம்பப்பட்டவர்கள் யார்? பிள்ளைகளைக் கொண்டுசென்றவர்கள் யார்? அந்நாளில் நம் மேடைகளில் எத்தனை வாய்கள் திறந்தன? நம் பெயரால் நடந்ததற்கு நாம் மௌனம் சாதித்தோம் என்பதை ஒப்புக்கொள்ளாமல், பிறரை நோக்கி விரல் நீட்டும் தகுதி நமக்கில்லை.

இன்றும் அப்படித்தான். செய்தவன் சீருடைக்காரன் என்றால் ஊர்வலம் போகிறோம், கடையடைக்கிறோம். செய்தவன் நம் ஆசிரியன், நம் பூசகன், நம் விளையாட்டுக் கழகப் பயிற்சியாளன், நம் கட்சிக்காரன் என்றால், "ஊர் மானம்" என்கிறோம். ஊர் மானம் என்பது யாது? பத்து வயதுப் பிள்ளையின் கண்ணீரை மூடிப் போர்த்தும் துணியா? குற்றம் செய்தவனுக்கு மானம் போகட்டும். பிள்ளைக்கு ஏன் போக வேண்டும்? ஊருக்கு ஏன் போக வேண்டும்? மறைத்தால்தான் ஊர் மானம் போகிறது.

சட்டம் இல்லையா?

சட்டம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. பெண்பிள்ளையின் சம்மதம் என்ற வாதத்துக்கான வயதெல்லை 12இலிருந்து 16ஆக உயர்ந்தது. பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் தனிக் குற்றமாயிற்று. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அமைந்தது. 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் தொலைபேசியில் முறையிடலாம். பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டிலேயே வழி செய்யப்பட்டது.

2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் நம் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. தென்மாகாணத்துப் பள்ளியொன்றில் ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்டது. அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று நீதிமன்றம் கூறி நட்டஈடு விதித்தது. ஆசிரியர் செலுத்த வேண்டியது 1,50,000 ரூபா. அரசு செலுத்த வேண்டியது 5,00,000 ரூபா. இந்த இரு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! அடித்த கையினும் பெரிய பொறுப்பு, அந்தக் கையைப் பள்ளியில் வைத்திருந்த நிறுவனத்துக்கு உண்டு என்பதை அத்தீர்ப்பு நமக்கு உணர்த்துகிறது. அடித்ததற்கே இப்படியென்றால், அதனினும் கொடியதை அறிந்தும் மூடி மறைத்த நிறுவனத்துக்கு எவ்வளவு பொறுப்பு இருக்க வேண்டும்?

அண்டை நாடான இந்தியாவில், சிறுவரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், குற்றத்தை அறிந்தும் முறையிடாதவரையும் குற்றவாளி என்கிறது. தமக்குக் கீழ் வேலை செய்பவர் புரிந்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. அதிபருக்கும் ஆதீனத் தலைவருக்கும் அதிகாரிக்கும் அங்கே சட்டம் சொல்வது ஒன்றுதான்: மாற்றி அனுப்பாதே, முறையிடு!

நாம் கேட்பது

ஆகவே நம் கோரிக்கைகள் ஐந்து.

முதலாவது: சிறுவர் துஷ்பிரயோக முறைப்பாடு வந்த அன்றே, குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைகள் இல்லாத பணியில் வைக்கப்பட வேண்டும். விசாரணை முடியும்வரை எந்தப் பள்ளிக்கும், எந்த விடுதிக்கும், எந்த முகாமுக்கும் அவர் மாற்றப்படக் கூடாது. இதனால் குற்றமற்றவருக்கும் தீங்கில்லை. விசாரணை விரைந்து முடிந்தால் அவர் தலைநிமிர்ந்து திரும்புவார்.

இரண்டாவது: விசாரிப்பவர் அந்நிறுவனத்துக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும். பள்ளியைப் பள்ளியும், படையைப் படையும், மடத்தை மடமும் விசாரிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

மூன்றாவது: அறிந்தும் முறையிடாத பொறுப்பாளர் எவராயினும், இந்தியாவில் உள்ளதுபோல், தண்டனைக்கு உரியவராக வேண்டும்.

நான்காவது: வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பு கூறுகிறது. பிள்ளை தமிழில் அழுகிறது. அதன் வாக்குமூலமும் தமிழிலேயே, பெண் உத்தியோகத்தர் ஒருவரால், ஒரே முறை எழுதப்பட வேண்டும். தான் சொன்னது தாளில் சரியாக எழுதப்பட்டதா என்று வாசித்தறிய முடியாத தாயிடம் கையொப்பம் வாங்குவது எந்த நீதி? மொழியுரிமைக்கும் பிள்ளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டோருக்கு இதுவே விடை.

ஐந்தாவது அரசாங்கத்தை நோக்கியதன்று, நம்மை நோக்கியது. கோயில் தருமகர்த்தாக்களே, பள்ளிவாசல் நிர்வாகிகளே, பங்குச் சபையினரே, தனியார் வகுப்பு நடத்துவோரே, கழகத் தலைவர்களே! சமாதானம் பேசி வீடு தேடிப் போகும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். பிள்ளையின் வீட்டுக்குப் போக வேண்டுமானால், அந்தத் தாயைப் பொலீஸ் நிலையத்துக்கும் வைத்தியசாலைக்கும் நீதிமன்றத்துக்கும் கூட்டிச் செல்லப் போங்கள். தனியாகப் படியேற அஞ்சும் தாயோடு பத்துப் பேர் சேர்ந்து ஏறினால், பதிவுப் புத்தகம் தானே திறக்கும்.

அன்பர்களே! இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையை அருகில் அழைத்து ஒன்று சொல்லுங்கள். "உன்னை எவர் துன்புறுத்தினாலும், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், எங்களிடம் சொல். நாங்கள் நம்புவோம், உன்னைக் கோபிக்க மாட்டோம்" என்று சொல்லுங்கள். அதற்குப் பணம் வேண்டாம். மந்திரியின் உத்தரவும் வேண்டாம்.

அக்கரையிலிருந்து வந்த தாய் கேட்ட கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை. இன்று இந்த அவையின் சார்பில் சொல்கிறோம்: "அம்மா, அங்கே இருப்பவையும் நம் பிள்ளைகள்தான்." இந்த விடையைச் சொல்ல நமக்கு உரிமை உண்டா என்பது, நாளை நம் ஊரில் ஒரு பிள்ளை வாய் திறக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.